போகிறாள் என்று போட்டிருக்கிறது

ஜூலை 12

நாடகத்தில் நடிக்கும் அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்கள் போட்ட கடிதம் வந்தது. புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் என் பாப்பாவின் பையைக் கொடுத்தார்கள். அதில் டிபன் டப்பா, சீப்பு, குடை, இந்தப் புத்தகம். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்துவிட்டேன். புத்தகம் மழையில் நனைந்து உப்பியிருந்தது. என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரியில் துணிக்கு அடியில் வைத்தேன்.

பல தரம் போன் செய்தும் எடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் இப்போது போன் எடுப்பதில்லை. ஏதாவது என்றால் இப்படிக் கடிதமாகவே போடுங்கள். மெதுவாகப் படித்துக்கொள்வேன்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி நாடகம், குறிப்பெல்லாம் அந்த ஒரு புத்தகத்தில்தான் இருக்கிறது, அது இல்லாமல் கை ஒடிந்த மாதிரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். புரிகிறது. ஆனால் இப்போது தர முடியாது. கோபித்துக்கொள்ளாதீர்கள். எட்டு மாசம், வாரத்துக்கு மூன்று சாயங்காலம், பாப்பா உங்களிடம் வந்தாள். என்னத்துக்கு வந்தாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் சண்டையில் முடிந்தது. அதனால் இதை நான் முழுசாகப் படிக்க வேண்டும். படித்துவிட்டுத் தருகிறேன்.

நான் அஞ்சாம் வகுப்பு. அச்செழுத்தைக் கூட்டிக் கூட்டிப் படிப்பேன். பெரிய ஹோட்டல்களுக்குத் துணி வெளுக்கிற இடத்தில் எனக்கு வேலை. மெஷின் ஒரு தரம் சுற்றி நிற்க நாற்பது நிமிஷம் ஆகும். அந்த நேரத்தில் படிக்கிறேன். என்னோடு போர்வை மடிக்கிறவளை எல்லாரும் ரேடியோ என்று கூப்பிடுவோம், வாய் ஓயாது. அவளுக்கு எழுத்தே தெரியாது. அவளுக்கும் கேட்கட்டும் என்று சத்தமாகப் படிக்கிறேன். ஆறு பக்கம் ஆகியிருக்கிறது.

யார் யார் என்றே பிடிபடவில்லை. முதல் பக்கத்தில் கல்யாணப் பத்திரிகை மாதிரி ராணி, இளவரசி, மந்திரி, வாயிற்காவலன் என்று வரிசையாகப் போட்டிருக்கிறது. அவர்கள் இல்லாமல் இன்னொருத்தர் இருக்கிறார். அவருக்குப் பெயர் இல்லை. பிறை மாதிரி இரண்டு கோட்டுக்குள் இருந்து பேசுகிறார். ராணி சன்னல் பக்கம் திரும்புகிறாள் என்கிறார். வெளியே இடிச் சத்தம் என்கிறார். எல்லாவற்றையும் பார்க்கிறார். ஒருத்தரும் அவருக்குப் பதில் சொல்வதில்லை. அவரும் யாருக்கும் ஒரு உதவியும் செய்வதில்லை. "அது பேயா இருக்கும், நீ வேணா பாரு" என்கிறாள் ரேடியோ. அவர் யார் என்று எழுதுங்கள்.

இன்னொன்று. பாப்பா உங்களுக்கு எடுத்துக் கொடுக்கிற வேலை பார்த்தாள் என்று நீங்களும் எழுதியிருக்கிறீர்கள். என்ன எடுத்துக் கொடுத்தாள்? டீயா, உடுப்பா? ஒளிக்காமல் எழுதுங்கள்.

இப்படிக்கு,
அவளைப் பெற்றவள்


ஜூலை 16

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை நேற்று பல் டாக்டர் கிளினிக்கில் உட்கார்ந்து படித்தேன். பகலில் அங்கே சீட்டு எழுதுகிற வேலை எனக்கு. சாயங்காலமானால் ராணி.

புத்தகத்தை வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்ட் இருபதாம் தேதி வாக்கில் கிடைத்தால் போதும். எங்கள் டைரக்டரிடம் நான் சொல்லிக்கொள்கிறேன்.

கோட்டுக்குள் பேசுகிறவர் பேய் இல்லை. நாடகம் எழுதியவர் எங்களுக்குச் சொல்லும் குறிப்பு அது. எப்போது திரும்புவது, எப்போது நிற்பது என்று. வெளியே யாருக்கும் கேட்காது. ரேடியோவிடம் சொல்லுங்கள்.

ராணி விதவை. கோட்டையைச் சுற்றி எதிரி நிற்கிறான். சண்டை முடிகிறவரை யாருக்கும் கதவைத் திறக்கக்கூடாது என்று கட்டளை போட்டிருக்கிறாள். இளவரசி அவளுடைய ஒரே மகள், நேரில் போய்ப் பேசினால் சண்டை நின்றுவிடும் என்று நினைப்பவள். மந்திரி எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுத் தன் இஷ்டப்படி செய்வான். காவலன் பாவம், அவனுக்குச் சாவி மட்டும்தான், வசனம் அதிகம் கிடையாது. நூறு வருஷத்துக்கு மேலாக ஆடுகிற நாடகம். பரீட்சைக்குப் பாடமாகக்கூட வைத்திருந்தார்கள்.

பாப்பா எடுத்துக் கொடுத்தது டீ இல்லை அம்மா, உடுப்பும் இல்லை. வார்த்தை. மேடைக்குப் பக்கத்தில் திரை மறைவில், இருட்டில், ஒரு ஸ்டூலில் சின்ன விளக்கோடு உட்கார்ந்திருப்பாள். மடியில் அந்தப் புத்தகம். எங்களில் யாருக்காவது வசனம் மறந்தால் முதல் வார்த்தையை மட்டும் மெதுவாகச் சொல்லுவாள். மீதியை நாங்கள் பிடித்துக்கொள்வோம். அதற்குப் பெயர்தான் எடுத்துக் கொடுப்பது. எனக்கு நான்காம் அங்கத்தில் ஒரு இடம் எப்போதும் மறந்துவிடும். நான் முழிப்பதற்கு முன்னாலேயே அவள் குரல் வந்துவிடும்.

அவளை யாரும் பார்த்ததில்லை. அவள் இல்லாமல் ஒருநாளும் நாங்கள் ஆடியதில்லை.

அன்புடன்,
ராணியாக நடிப்பவள்


ஜூலை 24

நாடகத்து அக்காவுக்கு,

உங்களுக்கு என்னைவிட வயசு கூட இருக்கும் என்று நினைத்து அக்கா என்று எழுதுகிறேன். நீங்களும் என்னை அம்மா என்று எழுத வேண்டாம். அந்த வார்த்தை வருகிற இடத்தில் படிப்பு நின்றுவிடுகிறது. தங்கச்சி என்றே எழுதுங்கள்.

வார்த்தை என்று எழுதியிருந்தீர்கள். அந்த ஒரு வரியை மூன்று நாள் படித்தேன்.

முதல் தரம் அவள் வந்து, "நான் நடிக்கலம்மா, எடுத்துக் குடுக்கிறேன்" என்றபோது, "யாருக்கு?" என்றேன். "எல்லாருக்கும்" என்றாள். எனக்கு எரிந்தது. "நாலு பேருக்கு எடுத்துக் குடுக்கவா உன்னை அவ்வளவு படிக்க வெச்சேன்? நான் ஒருத்தி எடுத்துக் குடுத்தது பத்தாதா?" என்றேன். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சரியான அர்த்தத்தைச் சொல்லவில்லை. அம்மா கோபத்தில் எவ்வளவு தூரம் போகிறாள் பார்க்கலாம் என்று விட்டாளோ என்னவோ. நான் விடவில்லை. எட்டு மாசமும் அதையே சொல்லிக் காட்டினேன்.

கடைசி நாளும் அதுதான். "எடுபிடி கிளம்பியாச்சா?" என்றேன். அன்றைக்கு அவள் சிரிக்கவில்லை. செருப்பை மாட்டிக்கொண்டு "போறேன்" என்றாள். எங்கள் வீட்டில் அப்படிச் சொல்ல விடமாட்டேன். போயிட்டு வரேன் என்றுதான் சொல்ல வேண்டும். சின்ன வயசில் வாயிலேயே போட்டிருக்கிறேன். அன்றைக்கு நான் திருத்தவில்லை. துணி மடித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. போயிட்டு வா என்று சொல்லவும் இல்லை.

அது கிடக்கட்டும். நாடகத்துக்கு வருகிறேன். மந்திரியை ரேடியோவுக்குப் பிடிக்கவே இல்லை. "அவன் மூஞ்சியே சரியில்ல" என்றாள். "மூஞ்சிய நீ எங்கடி பாத்த?" என்றேன். "பேச்சிலயே தெரியுதே" என்றாள்.

ஆனால் முப்பத்தொன்றாம் பக்கத்தோடு புத்தகத்தை மூடிவிட்டோம். இளவரசி ராணியோடு சண்டை போடுகிறாள். வேலைக்காரி மாதிரி உடுத்திக்கொண்டு வந்து நிற்கிறாள். "பேசித்தான் பார்க்கிறேனே" என்கிறாள். உடனே அடுத்த வரியில், இளவரசி போகிறாள் என்று போட்டிருக்கிறது. அவ்வளவுதான். காய்ச்சல் இல்லை, கத்தி இல்லை. "நல்லாத்தானே பேசிக்கிட்டிருந்தா? எப்படிப் போனா?" என்று ரேடியோ கேட்டாள். "அப்படித்தான் போவாங்க" என்றேன். மெஷின் நின்றிருந்தது. போர்வையை எடுத்தோம். அவள் இரண்டு முனை, நான் இரண்டு முனை. எட்டப் போனோம், கிட்ட வந்தோம், எட்டப் போனோம்.

நாலு நாள் தொடவில்லை. எனக்கு ஒன்றுதான் புரியவில்லை அக்கா. மகள் போன அடுத்த வரியிலேயே ராணி மந்திரியிடம், வடக்கு மதிலில் ஓட்டையை அடைத்தாயிற்றா என்று கேட்கிறாள். பெற்றவள் வாயில் அது எப்படி வரும் என்று முதலில் நினைத்தேன். பிறகு யோசித்தேன். பாப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டு வந்த அன்றைக்கு வாசலில் நின்று, பால் வந்ததா என்று நான் கேட்டேன். வரும்.

இளவரசி போகிறாள் என்கிற வரிக்கு மேலே பாப்பா பென்சிலில் ஏதோ எழுதியிருக்கிறாள். எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கிறது, ஈரத்தில் கலைந்தும் இருக்கிறது. உங்கள் எழுத்து அச்சு மாதிரி இருப்பதால் படிக்கிறேன், இந்த மாதிரிக் கையெழுத்து எனக்கு வராது.

இப்படிக்கு,
தங்கச்சி


ஜூலை 28

அன்புள்ள தங்கச்சிக்கு,

இதை எப்படி எழுதுவதென்று தெரியாமல் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

இளவரசி சாகவில்லை. நாடகத்தில் போகிறாள் என்றால் மேடையை விட்டுப் போகிறாள் என்று அர்த்தம். அவ்வளவுதான். பக்கத்துத் திரைக்குப் பின்னால் வந்து நிற்பாள். தண்ணீர் குடிப்பாள். இளவரசியாக நடிக்கிற பெண் அங்கே நின்று போனை நோண்டுவாள், உங்கள் பாப்பா அவளைப் பார்வையாலேயே மிரட்டுவாள். மறுபடியும் அவள் முறை வரும்போது வருகிறாள் என்று போட்டிருக்கும். நான்காம் அங்கத்தில் பாருங்கள்.

முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். எங்களுக்குப் பழகிப்போன வார்த்தை, எனக்குத் தோன்றவில்லை. மன்னித்துவிடுங்கள்.

நான்காம் அங்கம் படித்தால் எனக்கும் ஒரு உதவி செய்ய வேண்டும். மகள் வந்து கதவைத் தட்டுகிறாள். ராணி திறக்கவில்லை. "இன்னொரு தரம் தட்டினால் அம்பு விடுங்கள்" என்கிறாள். நான் மறக்கிற இடம் இதுதான். "கர்வம்மா அது, கர்வம்! ராணின்னா நிமிர்ந்து நிக்கணும்" என்று டைரக்டர் கத்துகிறார். மூன்று மாசமாக நிமிர்ந்து நின்று பார்த்துவிட்டேன். கழுத்துதான் வலிக்கிறது. வசனம் உள்ளே இறங்கவில்லை. பெற்ற பிள்ளைக்கு ஒருத்தி ஏன் கதவைத் திறக்கமாட்டாள்? எனக்குப் பிள்ளை இல்லை. உங்களைக் கேட்கக்கூடாதுதான். ஆனாலும் கேட்கிறேன்.

அன்புடன்,
அக்கா


ஆகஸ்ட் 8

அக்காவுக்கு,

எழுபத்திரண்டாம் பக்கம். இளவரசி வருகிறாள் என்று போட்டிருக்கிறது. படித்ததும் ரேடியோ கை தட்டினாள். "வந்துட்டாடி! நான் சொல்லல?" என்றாள். அவள் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்தார். நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷம் வரும் என்று நினைத்தேன். வரவில்லை. அழுகையும் இல்லை. நனைந்த துணியைத் தூக்குகிற மாதிரி கை மட்டும் கனத்தது.

பிறகு கதவு தட்டுகிற இடம். ராணி திறக்காததும் ரேடியோ அவளைக் கிழி கிழி என்று கிழித்தாள். "இவ பொம்பளையா, பாறையா?" என்றாள். நான் அந்தப் பக்கத்தை மூன்று தரம் படித்தேன்.

அது கர்வம் இல்லை அக்கா. மகள் வேலைக்காரி வேஷத்தில் போயிருக்கிறாள். இப்போது கதவுக்கு வெளியே அவளைச் சுற்றி எதிரி ஆட்கள் நிற்கிறார்கள். ராணியின் மகள் என்று தெரிந்தால் விடமாட்டார்கள். அதனால் அவள், "மகாராணி, கதவைத் திறக்கச் சொல்லுங்கள்" என்கிறாள். மழை கொட்டுகிறது, கதவு தடிமன். உள்ளே இருக்கிறவளுக்குக் கேட்டது மகாராணி என்கிற வார்த்தை. ராணி சாயங்காலத்திலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், ஆனால் அவள் காத்திருந்தது அம்மா என்கிற வார்த்தைக்கு. நான் பெற்றது என்னை மகாராணி என்று கூப்பிடாது. வேறு யாரோ என்றுதான் நினைப்பேன்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்றால், நான் போனை எடுக்காத கதையைச் சொல்ல வேண்டும். யாருக்கும் சொன்னதில்லை. அன்றைக்கு அவள் போய் முக்கால் மணி நேரம் கழித்துப் போன் அடித்தது. அவள் நம்பர்தான். எடுத்தேன். "ஹலோ, ஹலோ" என்று ஒரு ஆம்பளைக் குரல். பின்னால் மழைச் சத்தம். நாடகக்காரர் யாரையோ பிடித்துச் சமாதானம் பேச வைக்கிறாள் என்று நினைத்து வைத்துவிட்டேன். மறுபடியும் அடித்தது. மறுபடியும் அதே குரல். வைத்துவிட்டேன். வேண்டுமென்றால் அவளே கூப்பிடட்டும் என்று போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னொரு தரம் அடித்தது. அப்போது பேச விட்டேன். லாரி என்றார். ஆஸ்பத்திரி பெயரைச் சொன்னார். நான் போனபோது, பத்து நிமிஷம் முந்தி என்றார்கள்.

அதனால் அந்த வசனத்தை நீங்கள் நிமிர்ந்து சொல்லாதீர்கள். இன்னொரு தரம் என்பதோடு நிறுத்துங்கள். அவள் சொல்ல வந்தது அவ்வளவுதான். இன்னொரு தரம் கூப்பிடு, சரியாகக் கூப்பிடு என்கிறாள். அப்புறம் பக்கத்தில் அந்த மந்திரி நிற்பது கண்ணில் படுகிறது. அம்பு விடுங்கள் என்பது அவனுக்காகச் சேர்த்துக்கொண்டது.

இதில் ராணியின் தப்பு இல்லை என்று நான் சொல்லவில்லை. எப்படி நடந்தது என்று மட்டும் சொல்கிறேன்.

பென்சில் எழுத்து முப்பத்தொன்றில் மட்டும் இல்லை. எங்கெல்லாம் போகிறாள், போகிறான் என்று வருகிறதோ அங்கெல்லாம் அச்சில் இருப்பதை அடித்துவிட்டு மேலே அதே எறும்பு. மந்திரிக்குக்கூட எழுதியிருக்கிறாள். தெரிந்தவர்களிடம் காட்ட மனசு வரவில்லை. ஒன்றைப் பார்த்து அப்படியே வரைந்து இதோடு வைத்திருக்கிறேன். என்னவென்று சொல்லுங்கள்.

தங்கச்சி


ஆகஸ்ட் 13

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீங்கள் வரைந்ததைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. போய் வருகிறாள் என்று எழுதியிருக்கிறாள்.

ஒத்திகை முடிந்து யார் கிளம்பினாலும் "போறேன்" என்று சொல்ல விடமாட்டாள். வாசலை மறித்துக்கொண்டு நிற்பாள். "போயிட்டு வரேன்னு சொல்லுங்க. எங்கம்மா காதுல விழுந்தா செருப்பு பிஞ்சிடும்" என்பாள். டைரக்டரையே ஒருநாள் திரும்பக் கூப்பிட்டுச் சொல்ல வைத்தாள். பிறகு ஒருநாள், "புத்தகத்துல எல்லாரும் போறேன் போறேன்னு போறாங்க, அபசகுனம்" என்று பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். நாங்கள் கேலி செய்தோம். முழுசாகத் திருத்தினாள் என்று இன்றைக்குத்தான் தெரிகிறது.

நீங்கள் சொன்ன மாதிரி நேற்று அந்த வசனத்தைச் சொன்னேன். இன்னொரு தரம் என்று சொல்லி நிறுத்தினேன். மந்திரியாக நடிப்பவர் தன் வசனத்தை மறந்துவிட்டார். டைரக்டர் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே போய்விட்டார். திரும்பி வந்து, "அப்படியே வெச்சுக்கோ" என்றார்.

கடைசிப் பக்கத்தில் ராணி எங்கே போகிறாள் என்றும் எங்களுக்குள் சண்டை. சரணடையப் போகிறாள் என்கிறார் டைரக்டர். சாகப் போகிறாள் என்கிறான் காவலனாக நடிக்கிறவன். நீங்கள் படித்துவிட்டுச் சொல்லுங்கள்.

இனி சொல்வதைச் சொல்லாமல் உங்கள் அடுத்த கடிதத்தை என்னால் பிரிக்க முடியாது. அன்றைக்கு ஒத்திகை ஆறரைக்குத்தான். நான்காம் அங்கம் எனக்கு வரவில்லை, நீ மட்டும் கொஞ்சம் முன்னால் வா, எடுத்துக் கொடு என்று அவளைக் கூப்பிட்டது நான். இல்லாவிட்டால் அந்த மழையில், அந்த நேரத்தில், அவள் அந்தத் திருப்பத்தில் இருந்திருக்கமாட்டாள். இதைச் சொல்லத்தான் முதலில் போன் செய்தேன். நீங்கள் எடுக்கவில்லை. கடிதத்தில் புத்தகத்தைக் கேட்டேன். கோழை மாதிரி.

நீங்கள் எனக்கு இனி எழுதாவிட்டாலும் சரி.

அக்கா


ஆகஸ்ட் 21

அக்காவுக்கு,

புத்தகத்தை ரேடியோவிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் வழியெல்லாம் பேசிக்கொண்டே வருவாள், ஆனால் பொருளைத் தொலைக்கமாட்டாள். நனையாமல் இருக்க ஹோட்டல் தலையணை உறையில் சுற்றியிருக்கிறேன். உறையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

நீங்கள் எழுதியதைப் படித்தேன். நீங்கள் முன்னால் வரச் சொன்னீர்கள். நான் கோபத்தில் போக விட்டேன். லாரிக்காரன் திருப்பினான். மழை பெய்தது. எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிப் பார்த்தால் நாடகத்துக்கு முன்னால் போடுகிற பெயர் வரிசை மாதிரி இருக்கிறது. உங்கள் மேல் கோபம் இருக்கிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தேன். கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. பிறகு வரலாம். வந்தால் ஒளிக்காமல் எழுதுகிறேன். நீங்களும் அதுவரை நன்றாக இருங்கள்.

கடைசிப் பக்கம் வரை படித்துவிட்டேன். விடிகிறது. ராணி காவலன் கையிலிருந்து சாவியை வாங்கித் தானே கதவைத் திறக்கிறாள். ராணி போகிறாள், திரை விழுகிறது என்று போட்டிருக்கிறது. சரணடையவும் இல்லை, சாகவும் இல்லை. மகளைத் தேடிப் போகிறாள். இதில் சண்டை போட என்ன இருக்கிறது? செருப்புகூடப் போடாமல் போகிறாள், பாருங்கள், கோட்டுக்குள் இருக்கிறவர் சொல்கிறார்.

அந்த ஒரு இடத்தில் மட்டும் பென்சில் இல்லை. புத்தகம் முழுக்க ஒருத்தர் விடாமல் திருத்தியவள், கடைசி வரிக்கு வரவில்லை. நேரம் இல்லையோ, நீங்கள் அந்த அங்கத்துக்கு இன்னும் வரவில்லையோ, தெரியாது. சூப்பர்வைசரிடம் பென்சில் வாங்கி நான் எழுதிவிட்டேன். மெஷின் இரண்டு தரம் சுற்றி நின்றது. என் எழுத்து பெரிசு பெரிசாக இருக்கிறது, பக்கத்து வரியிலும் இடிக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

முப்பதாம் தேதி வரச் சொல்லி டைரக்டர் சீட்டு அனுப்பியிருந்தார். முன் வரிசை. அதில் ரேடியோ உட்காரட்டும். பேசாமல் இரு என்று அவளிடம் நான் சொல்லமாட்டேன், நீங்கள் வேண்டுமானால் சொல்லிப் பாருங்கள். எனக்கு அங்கே உட்கார்ந்து பார்க்க வேண்டாம்.

அந்த ஸ்டூல் காலியாக இருந்தால் கடைசி அங்கத்துக்கு மட்டும் நான் உட்கார்ந்துகொள்கிறேன். எடுத்துக் கொடுக்க எனக்கு வராது, நீங்கள் மறந்தால் நான் கூட்டிப் படித்துச் சொல்வதற்குள் விடிந்துவிடும். எனக்கு ஒரே ஒரு வேலைதான். நீங்கள் கதவைத் திறந்துகொண்டு போகும்போது யாராவது ஒருத்தர் "போயிட்டு வா" என்று சொல்ல வேண்டும். அப்படி ஒரு வசனம் புத்தகத்தில் இல்லை என்று தெரியும். இருட்டிலிருந்துதான் சொல்லுவேன். வெளியே யாருக்கும் கேட்காது.

போய் வருகிறேன்.

தங்கச்சி